மாற்றுத்திறன் கொண்ட குழந்தை வார்டில் இருக்கும்போது: செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் டூட்டி பார்த்தவள் நான். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், காது கேளாமை என்று ஏதோ ஒன்றோடு வாழும் குழந்தை காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ வந்து சேர்ந்தால், புதிதாக வேலைக்கு வந்த சிஸ்டர்களின் முகத்தில் ஒரு தயக்கம் தெரியும். கை தவறிக் கீழே விட்டுவிடுவோமோ, தப்பாகத் தொட்டுவிடுவோமோ என்ற பயம் அது. உலகம் முழுவதும் இப்படி வாழும் குழந்தைகள் ஏறக்குறைய 24 கோடி என்று யுனிசெஃப் 2021-ல் சொன்னது. அதனால் இது எப்போதோ ஒருமுறை வரும் கேஸ் இல்லை. அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளையோடு வார்டில் தங்கும் பெற்றோரும் படிக்கலாம்.

பேச முடியாத குழந்தைக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதுதான்.

மூளை முடக்குவாதம் உள்ள 8 வயதுப் பையன் ஒருவன் நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்தான். பேச்சு கிடையாது. மூன்றாம் நாள் இரவு முழுக்க முனகிக்கொண்டே இருந்தான். ஷிப்ட் மாறி வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் "எப்பவும் இப்படித்தான் அழுவானாம்" என்று சொன்னார்கள். யார் அப்படிச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய அம்மா சொன்னது வேறு: "இது அவன் அழுகை இல்ல சிஸ்டர். பசின்னா நாக்கை நீட்டுவான், தூக்கம்னா கண்ணைத் தேய்ப்பான். இது வேற." அந்த வார்த்தை காதில் விழுந்தும் இரண்டு ஷிப்ட் கடந்தது. அதில் ஒன்று என்னுடைய ஷிப்ட். காலையில் டயப்பர் மாற்ற அவன் இடது காலைத் தூக்கியபோது உதடு வெளுத்தது, வலது கை விரல்கள் உள்ளே மடங்கி இறுகின. முழங்காலுக்குச் சற்று மேலே தொட்டால் சூடாக இருந்தது, லேசான வீக்கம். எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பின் கீழ்முனையில் முறிவு.

நிற்காத, நடக்காத குழந்தைகளின் எலும்பு மெலிந்திருக்கும். சில வலிப்பு மருந்துகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால் இன்னும் பலவீனமாகும். சாதாரணமாகப் புரட்டும்போதுகூட முறியலாம். எப்போது முறிந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் வலி ஓர் இரவு முழுக்க எங்கள் கண்ணெதிரே இருந்தது.

அன்றிலிருந்து நான் செய்வது இது. சேர்ந்த அன்றே அம்மாவிடமோ, தினமும் பார்த்துக்கொள்பவரிடமோ கேட்டுவிடுவேன்: "வலிச்சா இவன் என்ன செய்வான்? சந்தோஷமா இருந்தா என்ன செய்வான்?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுவேன். முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10-க்கு மதிப்பெண் போடும் ஃபிளாக் அளவுகோல் 1997-ல் வந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக 2006-ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். அந்தந்தக் குழந்தைக்கே உரிய வலிக் குறிகளைப் பெற்றோரிடம் கேட்டு அதில் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. சில குழந்தைகள் வலியில் சிரிப்பதுபோல் இருப்பார்கள். சிலர் அப்படியே உறைந்து அசைவற்றுப் போவார்கள். அழாத குழந்தைக்கு வலி இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

காரணம் தெரியாத அழுகை என்றால் தலையிலிருந்து கால் வரை உடையைக் கழற்றிப் பாருங்கள். காது, பல், கண்ணில் கீறல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு நழுவல், கை கால்களைத் தாங்கக் கட்டும் ஸ்பிளின்ட் பட்டை அழுத்திய இடம், கால் விரலில் சுற்றிக்கொண்ட ஒரு முடி. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் மற்றது.

"இவன் எப்பவும் இப்படித்தான்" என்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?

அம்மா சொன்னால் நம்புங்கள். நமக்குள் பேசிக்கொண்டால் நம்பாதீர்கள்.

குழந்தையிடம் எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் அதைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது நம் வேலையில் உள்ள பெரிய ஆபத்து. தலையில் நீர் கோர்த்ததற்காக ஷன்ட் குழாய் வைத்த குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கினால், வாந்தி எடுத்தால், சிடுசிடுவென்று இருந்தால் குழாய் அடைத்திருக்கலாம். "மந்தமான பிள்ளைதானே" என்று விட்டால் காலம் கடந்துவிடும். "இன்னைக்கு என்னவோ சரியில்ல" என்று அம்மா சொல்வதைக் காய்ச்சல் அளவு, நாடித்துடிப்பு மாதிரி ஒரு குறியாகவே எடுத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நேரம் போட்டு எழுதியும் வையுங்கள்.

சேர்ந்த அன்று வேறு என்னென்ன கேட்க வேண்டும்?

நோயின் வரலாற்றை டாக்டர் கேட்பார். நாம் கேட்க வேண்டியது அன்றாடம். 'ஆமா', 'இல்ல' என்பதை எப்படிச் சொல்வான்? கண் சிமிட்டியா, மேலே பார்த்தா, கையை அழுத்தியா? எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு சுலபம்? எப்படித் தூக்கினால் பிடிக்கும்? எதைக் கண்டால் பயம்? ராத்திரி கையில் என்ன இருந்தால் தூக்கம் வரும்? ஒரு பக்கத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டால் அடுத்த ஷிப்ட் சிஸ்டர் மறுபடி அதே கேள்விகளைக் கேட்டு அம்மாவை அலுக்க வைக்க வேண்டியதில்லை. நோய் விவரங்களை மட்டும் அதில் எழுதாதீர்கள், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள்.

படப் பலகையோ பேச்சுக் கருவியோ கொண்டுவந்திருந்தால் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். "தொலைந்துவிடும்" என்று அலமாரியில் பூட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு அதுதான் வாய்.

ஒன்றும் புரியாத குழந்தையிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

புரியவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? பதில் சொல்ல வாய் வராது, கை வராது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு அறிவுத் திறன் வயதுக்கேற்ப இருக்கும். தலைக்கு மேலே "இவளுக்குச் சாப்பாடு கொடுத்தாச்சா?" என்று நாம் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள்.

முகம் அவள் கண்மட்டத்துக்கு வரும்படி குனியுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். "கண்ணம்மா, இப்ப உன் கையைத் தொடப்போறேன், கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கேள்வி கேட்டால் பத்து விநாடியாவது காத்திருங்கள். தசை ஒத்துழைத்துப் பதில் வர நேரமாகும். அதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். 12 வயதுப் பெண்ணிடம் மழலைக் குரலில் கொஞ்சிப் பேசவும் வேண்டாம். அவள் வயதுக்குப் பேசுங்கள்.

ஊசி போட நாலு பேர் சேர்ந்து பிடிக்கிறோம். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் களிம்பை டாக்டர் சொன்ன அளவில் தடவி மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். அவசரமில்லாத ஊசிக்கு அந்த ஒரு மணி நேரம் நிச்சயம் கிடைக்கும். குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல், அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டவைத்துப் போடலாம். படுக்கவைத்தாலே குழந்தைக்குப் பாதி பயம் வந்துவிடும்.

தசை இறுக்கம் உள்ள குழந்தையின் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும், மெதுவாக நீட்டினால் இளகிக் கொடுக்கும். இரண்டு முறை ஊசி சரியாக ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கை தேர்ந்த இன்னொருவரை அழையுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சைகையில் பேசும் குழந்தைக்கு எந்தக் கையில் டிரிப் போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் பேசும் கையைக் கட்டிப்போட்டால் ஊமையாக்கிவிடுகிறோம்.

ஆட்டிசம் உள்ள குழந்தை வார்டுக்கு வந்ததிலிருந்து அலறுகிறது. அடம் என்று நினைப்பதா?

அடம் இல்லை. மானிட்டர் சத்தம், டியூப் லைட், மருந்து வாடை, பத்து முகங்கள், வழக்கமான நேரப்படி எதுவும் நடக்காமல் போவது, எல்லாம் ஒரே சமயத்தில் அந்தக் குழந்தைமேல் விழுகிறது. முடிந்தால் கதவிலிருந்தும் நர்ஸ் மேஜையிலிருந்தும் தள்ளி மூலைக் கட்டில் கொடுங்கள். ஒரு விளக்கை அணையுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், குட்டி வாக்கியமாக. "முதல்ல பிரஷர், அப்புறம் கார்" என்று ஒரு தாளில் இரண்டு படம் வரைந்து காட்டினால் போதும், பல குழந்தைகள் நின்று பார்ப்பார்கள். பிரஷர் பட்டையை முதலில் பொம்மை கையிலும், பிறகு அப்பா கையிலும் சுற்றிக் காட்டுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கையில் ஒரு நூலோ மூடியோ வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை நிதானத்தில் இருக்கிறது.

பார்வையில்லாத குழந்தைக்கும் காது கேளாத குழந்தைக்கும் என்ன செய்வது?

பார்வையில்லாத குழந்தையின் அருகே போகும்போதே பெயர் சொல்லுங்கள், திரும்பிப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனது தெரியாமல் காற்றோடு பேசவிடாதீர்கள். எந்த இயந்திரம் என்ன சத்தம் போடுகிறது என்று சொல்லிக் கொடுங்கள், டம்ளர் வைத்த இடத்தை மாற்றாதீர்கள். காது கேளாத குழந்தை உதட்டைப் படிக்கும் என்றால் மாஸ்க் பெரிய சுவர். ஒளி ஊடுருவும் மாஸ்க் இல்லாவிட்டால் எழுதியோ படம் காட்டியோ பேசுங்கள். அறுவை அரங்குக்குப் போகும்போது காது கருவியைக் கடைசி நிமிடத்தில் கழற்றி, கண் விழித்ததும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள்.

உணவு ஊட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விழுங்குவதில் சிக்கல் உள்ள குழந்தைக்கு ஒரு வாய் உணவுகூட நுரையீரலுக்குள் போகலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, தலைக்கு ஆதாரம் கொடுத்து, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். அண்ணாந்த வாயில் ஊற்றவே கூடாது. சின்ன ஸ்பூனில் கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய். குரல் தண்ணீர் கோர்த்ததுபோல் கரகரத்தால், கண்ணில் நீர் வந்தால், மூச்சு வேகமானால் நிறுத்துங்கள். சில குழந்தைகளுக்கு உணவு தவறிப்போனாலும் இருமல் வராது. அதனால் இருமவில்லை என்பதை வைத்துத் தைரியம் கொள்ள முடியாது. தண்ணீர்தான் பலருக்குக் கஷ்டம். கெட்டியாகக் கொடுப்பதா வேண்டாமா என்பதை விழுங்கல் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார்.

மூக்கு வழி டியூப் என்றால் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. உறிஞ்சியெடுத்த திரவத்தை அமிலத் தாளில் சோதித்து, அமில அளவு (pH) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஊட்டலாம். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும், ஊட்டி முடித்தும் அரை மணி நேரமாவது தாழ்த்த வேண்டாம்.

அந்த நேரத்தில் போனைப் பார்க்காதீர்கள். டியூபில் போனாலும் அந்தக் குழந்தைக்கு அது சாப்பாட்டு வேளைதான், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள்.

மாத்திரையைப் பொடித்து டியூபில் போடலாமா?

எல்லா மாத்திரையையும் அல்ல. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளையும் மேலே தனிப்பூச்சு உள்ளவற்றையும் பொடிக்கக் கூடாது, திரவ மருந்து கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து டியூப் உணவோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று கேட்டுக் கொடுங்கள். அளவை வயதை வைத்துக் கணக்கிடாதீர்கள். இந்தக் குழந்தைகள் பலர் வயதுக்கான எடையில் இருக்க மாட்டார்கள். நிற்க முடியாவிட்டால் அம்மாவோடு சேர்த்து எடை பார்த்து, அம்மா எடையைக் கழியுங்கள்.

வலிப்பு வந்தால்?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கட்டில் கம்பியில் இடிக்காமல் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை. டாக்டர் எழுதிவைத்த அவசர மருந்தைக் கொடுத்து உதவிக்கு அழையுங்கள். சில குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரமே கொடுக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள், அதை முன்பே படித்து வையுங்கள். கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கையில் துவங்கியது என்பதை முடிந்ததும் எழுதுங்கள்.

அறுவைக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கும் குழந்தைக்குக் காலை வலிப்பு மருந்தை எப்படிக் கொடுப்பது என்று முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம்.

முதுகெலும்புப் பிளவு, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குத் தனியாக ஏதாவது?

முதுகெலும்புப் பிளவோடு பிறந்தவர்களுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம். கையுறை, கதீட்டர், விளையாடக் கொடுக்கும் பலூன் வரை லேடெக்ஸ் இல்லாததாக இருக்கட்டும். காலில் உணர்வு இல்லாவிட்டால் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் குழந்தைக்குத் தெரியாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். கழுத்தை அதிகம் மடக்காமல், பின்னுக்குச் சாய்க்காமல் பாருங்கள். நடை புதிதாகத் தடுமாறினாலோ, சிறுநீர் அடக்க முடிந்த குழந்தையால் முடியாமல் போனாலோ உடனே சொல்லுங்கள்.

படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எப்படி?

அசைய முடியாத குழந்தையை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்புங்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது கருவிகளின் அடியில்: ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டு, குழாய் உரசும் காதின் பின்புறம், ஸ்பிளின்டின் உள்பக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம்.

டயப்பர் மாற்ற இரண்டு கணுக்காலையும் சேர்த்துத் தூக்காதீர்கள். ஒரு பக்கமாக உருட்டி, மறுபக்கம் உருட்டி மாற்றுங்கள். அந்தப் பையனுக்குப் பிறகு நான் வேறு மாதிரி மாற்றியதில்லை. திரையை இழுத்துவிட்டே மாற்றுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்கம் இருக்கும்.

அம்மா எல்லாவற்றிலும் தலையிடுகிறார். எப்படிச் சமாளிப்பது?

ஒரு காலத்தில் பெற்றோரை வார்டுக்குள் தங்கவே விடமாட்டார்கள், குறிப்பிட்ட நேரத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிரிட்டனில் 1959-ல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. குழந்தைகள் வார்டில் நடைமுறை மாறத் தொடங்கிய காலம் அது. இன்று நாம் "தலையிடுகிறார்" என்று சொல்லும் அம்மா வருடக்கணக்கில் சளி உறிஞ்சி, டியூப் மாற்றி, வலிப்பைப் பார்த்துப் பழகியவர். பல விஷயங்களில் நம்மைவிடக் கை தேர்ந்தவர். "நீங்க வீட்டுல எப்படிச் செய்வீங்க, காட்டுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். கோபமாகப் பேசுகிறவர் பலமுறை யாரும் காது கொடுக்காததால் அப்படி ஆனவர்.

அதே சமயம், அவருக்குத் தெரியும் என்பதற்காக எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிடக் கூடாது. "ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன், தூங்குங்கம்மா" என்று சொன்னால் சொன்ன மாதிரி பார்க்க வேண்டும். "பாவம்", "போன ஜென்மத்து வினை" போன்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அது குழந்தையின் காதிலும் விழுகிறது.

வார்டு நிறையக் குழந்தைகள். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையை அன்பால் ஈடுகட்ட முடியாது, அதை மேலே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் தொடுவதற்கு முன் பெயர் சொல்ல இரண்டு விநாடி போதும். காய்ச்சல் பார்க்கும்போதே அந்த ஐந்து வலிக் குறிகளையும் பார்த்துவிடலாம். முதல் நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியதால் பிறகு எத்தனையோ இரவுகளில் எனக்கு நேரம் மிச்சமாகியிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்?

புதிய டியூப், புதிய மருந்து என்றால் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்கள் ஒருமுறை செய்து காட்டி, அவர்கள் இரண்டு முறை செய்வதைப் பாருங்கள். எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் இன்னொரு பெரியவருக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், அம்மாவுக்கும் காய்ச்சல் வரும். தலைமாட்டில் ஒட்டிய அந்தப் பக்கத்தையும் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வேறு எந்த வார்டுக்குப் போனாலும் அவன் எப்படி 'ஆமா' சொல்வான் என்பது முதல் நாளே அங்கே தெரிந்திருக்கும்.